வெதுவெதுப்பான வெள்ளை

கெய்ரோவில் வெள்ளை நிறத்தைப் பற்றி ஷவ்கி அளவுக்குத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர் இருந்தால் அதிகம். இருபத்தெட்டு வருஷமாகப் பொய்ப்பல் செய்கிறவர் அவர். பல்லில் வெள்ளை என்று ஒன்று கிடையாது, பதினாறு வெள்ளைகள் உண்டு என்பது அவர் தொழிலில் முதல் நாள் பாடம். உடைந்த பல் ஒன்றை ஜன்னலோரம் தூக்கிப் பார்த்தால் போதும். இது டீ குடிக்கிறவர் பல், இது சிகரெட்காரர் பல், இது சிகரெட்டை விட்டுவிட்டதாக மனைவியிடம் சொல்லிக்கொண்டிருப்பவர் பல் என்று பிரித்துச் சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் போயும் போயும் ஒரு சுவரின் வெள்ளையில் மாட்டிக்கொண்டார்.

ஒன்பது வருஷம் காத்திருந்த பிறகு, நகரத்துக்குக் கிழக்கே பாலைவனத்தைச் சமன்படுத்திக் கட்டிய கூட்டுறவுக் குடியிருப்பில் அவருக்கு ஒரு வீடு கிடைத்தது. பதினாலாம் எண் கட்டடம், மூன்றாம் மாடி. ஷுப்ராவில் இருந்த வாடகை வீட்டின் சாவியை ஒப்படைத்துவிட்டு, மனைவி இன்ஷிராஹ், மகள் நஷ்வா, சாமான் செட்டு எல்லாவற்றோடும் ஒரே லாரியில் வந்து இறங்கினார். இறங்கிய பிறகுதான் புது வீட்டுச் சாவியோடு நாற்பத்திரண்டு பக்கப் புத்தகம் ஒன்றையும் கையில் கொடுத்தார்கள்.

புத்தகத்தை வெளியிட்டிருந்தது உள்சுவர் ஒருமைப்பாட்டு ஆணையம். வெளிச்சுவருக்குத் தனி ஆணையம் இருந்தது. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எல்லா வீட்டின் உள்சுவர்களும் "வெதுவெதுப்பான பாலாடை வெள்ளை" நிறத்தில் இருக்க வேண்டும் என்பது முதல் விதி. அந்த நிறம்தான் என்று ஆணையம் சான்றிதழ் தரும்வரை வீட்டுச் சாமான் எதுவும் சுவரிலிருந்து ஒரு மீட்டருக்குள் இருக்கக் கூடாது என்பது இரண்டாவது. ஆய்வுக் குழு எப்போது வேண்டுமானாலும் வரும் என்பதால், யார் பெயரில் வீடு இருக்கிறதோ அவர் வேலை நாட்களில் காலை ஒன்பது முதல் மதியம் இரண்டு வரை வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பது மூன்றாவது. சான்றிதழ் இல்லாமல் வீட்டை விற்க முடியாது, வாடகைக்கு விட முடியாது, பூட்டிவிட்டுப் போகவும் முடியாது. மிச்ச முப்பத்தொன்பது பக்கங்களும் அபராதத்தைப் பற்றியவை.

கூடம் நாலு மீட்டர் அகலம். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று போனால் மிச்சம் இரண்டு. படுக்கையறைகள் மூன்று மீட்டர். அதில் மிஞ்சிய ஒரு மீட்டரில் கட்டில் நுழையவில்லை. ஆகவே அலமாரி, கட்டில்கள், சோபா, ஃபிரிட்ஜ், சாப்பாட்டு மேசை எல்லாம் கூடத்தின் நடுவில் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. குடும்பம் அதன் இடுக்குகளில் வாழ்ந்தது.

"நாம வீட்டுல குடியிருக்கமா, இன்னும் அந்த லாரியிலேயே குடியிருக்கமா?" என்று கேட்டாள் இன்ஷிராஹ்.

"பெயின்ட்டை நானே நின்னு கலக்கவச்சேன். ஒரு சொட்டு மஞ்சள் கூடவும் இல்ல, குறையவும் இல்ல. ஒரு வாரத்துல பாஸ் ஆயிடும்" என்றார் ஷவ்கி.

மூன்றாவது வாரம் ஆய்வாளர் கல்யூபி வந்தார். வியர்வையும் பணிவும் நிறைந்த மனிதர். டீ கொடுத்தபோது மறுக்கவில்லை, சர்க்கரை மட்டும் நாலு கரண்டி கேட்டார். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்துச் சுவரில் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"ஒத்துப்போகலையே, டாக்டர்."

பல் சம்பந்தப்பட்டவர் என்பதால் ஷவ்கியை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் எட்டிப் பார்த்தார். தாளில் சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம் இருந்தது.

"சார், இது ஜெராக்ஸ் ஆச்சே. கறுப்பு வெள்ளை."

"சான்றளிச்ச நகல்" என்று கல்யூபி மூலையிலிருந்த முத்திரையைக் காட்டினார். "அசல் சாம்பிள் தலைவர் அறையில இருக்கு. அது வெளிய வராது."

"முத்திரை சரி. ஆனா நிறம் இல்லையே சார்."

"முத்திரை இருக்கில்ல?" என்றார் கல்யூபி, பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வதுபோல. பிறகு இரக்கப்பட்டு, "நான் ஒண்ணு பண்றேன். வெள்ளைன்னு எழுதிடறேன். வெதுவெதுப்பு மட்டும் சந்தேகம்னு போட்டு, வெப்பப் பிரிவுக்கு அனுப்பிடறேன்" என்றார்.

ஷவ்கிக்குப் புரியவில்லை. ஜனவரி மாதத்தில் ஒரு காலை, வெப்பப் பிரிவிலிருந்து மூன்று பேர் வந்து, அக்குளில் வைக்கிற தெர்மாமீட்டரைப் பிளாஸ்திரி போட்டுச் சுவரில் ஒட்டியபோது புரிந்தது.

"ஐயா, வெதுவெதுப்புன்னா அது நிறத்தைச் சொல்றது. மஞ்சள் சாயல் கொஞ்சம் இருந்தா அப்படிச் சொல்வாங்க. சூட்டைச் சொல்றதில்ல."

மூவரில் மூத்தவர் புத்தகத்தைப் புரட்டினார். "வெதுவெதுப்பான அப்படின்னு போட்டிருக்கு. 'வெதுவெதுப்பாகத் தோன்றுகிற'ன்னு போடலையே. நாங்க தோற்றப் பிரிவு இல்ல, டாக்டர்."

தெர்மாமீட்டரில் பாதரசம் அசையவே இல்லை. மனுஷ உடம்புக்குச் செய்த கருவி அது. முப்பத்தைந்துக்குக் கீழே அதற்குக் கணக்கே கிடையாது. "சுவரில் வெப்பம் எதுவும் பதிவாகவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

அன்று மாலை மேல்மாடி ஸஃபினாஸ் இறங்கி வந்தாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ், தனியாக இருப்பவள். இரண்டு வருஷத்துக்கு முன்பே சான்றிதழ் வாங்கியவள். அவள் கையில் நாலு ரப்பர் ஒத்தடப் பைகள் இருந்தன.

"இதுக்கா தலையில கை வச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்க? என் சுவருக்கும் இதே வியாதிதான் வந்துச்சு" என்றாள். "வெந்நீர் ஊத்தி, பேண்டேஜ் துணியால சுவரோட கட்டுங்க. அரைமணி நேரம். அவங்க படி ஏறும்போது எடுத்துடுங்க."

"அவங்க வர்றது எப்படித் தெரியும்?"

"நான் பால்கனியில துணி காயப்போடற மாதிரி நிப்பேன். இருமறேன்."

இரண்டாம் முறை குழு வந்தபோது ஸஃபினாஸ் காசநோய்க்காரி மாதிரி இருமினாள். ஆனால் ஒத்தடம் அதிகமாகிவிட்டது. முப்பத்தெட்டரை காட்டியது. "சுவருக்குக் காய்ச்சல்" என்று எழுதவில்லையே தவிர, "அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டிய வெதுவெதுப்பு" என்று எழுதினார்கள். மூன்றாம் முறை முப்பத்தாறு எட்டு. மூத்தவர் சுவரைத் தடவிக் கொடுத்து, "இப்பத்தான் ஆரோக்கியமா இருக்கு" என்றார்.

ஸஃபினாஸ் வீட்டுக்குப் பைகளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ஷவ்கி அவள் சுவரைப் பார்த்தார். பழக்கதோஷம். தன் சுவரைவிட ஒரு மயிரிழை மஞ்சள் கூடுதல். வேறு யார் கண்ணுக்கும் தெரியாது. பைகளைக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தார்.

இதற்குள் ஐந்து மாதம் ஓடிவிட்டது. ஷவ்கி தன் பட்டறையை மூடிவிட்டு, ஃபிரிட்ஜுக்கும் அலமாரிக்கும் நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பல் செய்தார். முன்பு வாரத்துக்கு முப்பது அச்சு அனுப்பிய பல் டாக்டர்கள் இப்போது நாலு அனுப்பினார்கள். ஒருநாள் ரொட்டி வாங்கக் கீழே போய்ப் பன்னிரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்தார். கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. "வந்தோம். இல்லை. பழைய ஆய்வுகள் ரத்து." இன்ஷிராஹும் நஷ்வாவும் உள்ளேதான் இருந்தார்கள். வீடு அவர்கள் பெயரில் இல்லையே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்களாம். ஒத்தடம், இருமல் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. அதற்கப்புறம் ரொட்டி கூடையில் கயிறு கட்டி மேலே வந்தது. ஷவ்கி கீழே போவதே இல்லை.

ஆணையத்துக்கே போய் முறையிடலாம் என்றால், ஆணையம் திறந்திருப்பது வேலை நாட்களில் காலை ஒன்பது முதல் மதியம் இரண்டு வரை.

நஷ்வாவைப் பெண் கேட்டு மன்ஸூராவிலிருந்து ஒரு நல்ல இடம் வந்திருந்தது. பையன் வஹீத் இன்ஜினியர். அப்பா ஹாஜி ஸகரிய்யா அரிசி ஆலை வைத்திருப்பவர். அவர்கள் வந்து ஃபாத்திஹா ஓதி நிச்சயம் செய்வதாகப் பேச்சு. நாலு முறை தேதி வைத்து, உட்கார வைக்க இடமில்லாமல் நாலு முறையும் தள்ளிப்போட்டார்கள். ஐந்தாம் முறை ஹாஜியே போன் செய்தார்.

"ஷவ்கி, பொண்ணு குடுக்க இஷ்டமில்லைன்னா நேரா சொல்லிடு. நான் கோவிச்சுக்க மாட்டேன். சுவர் காயல, சுவர் காயலன்னு அஞ்சு மாசமா சொல்றே. நைல் நதிக்குள்ளயா வீடு கட்டியிருக்கே?"

"ஹாஜி, சத்தியமா..."

"அடுத்த வெள்ளிக்கிழமை வரோம். சுவர் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. அன்னிக்கும் முடியலேன்னா விட்டுடுவோம்."

நஷ்வா கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்த வீட்டில் தனியாக அழுவதற்கு இருந்த ஒரே இடம் அதுதான். மற்ற இருவரும் ஒன்றரை அடி தூரத்தில் இருந்துகொண்டு, கேட்காததுபோல் இருந்தார்கள்.

சனிக்கிழமை கல்யூபி வந்தார். வெப்பம் பாஸ், கடைசிக் கட்டம் மட்டும் பாக்கி, அசலோடு ஒப்பிட வேண்டும் என்றார். அசல் சாம்பிள்தான் வெளியே வராதே என்றார் ஷவ்கி.

"வராது. அதனால சுவர்தான் போகணும். ஒரு சாண் சதுரம் வெட்டி எடுத்துட்டு நாளைக்கே தலைவர் அறைக்கு வாங்க. நாளைக்கு மட்டும் நீங்க வீட்டுல இல்லாம இருக்க அனுமதி" என்று ஒரு சீட்டை நீட்டினார். "பெரிய சலுகை இது, டாக்டர். சுவரை ஆறு பேர் சுமந்துட்டு வந்த காலமெல்லாம் உண்டு."

கதவுக்குப் பின்னால், விருந்தாளிகள் கண்ணில் படாத இடமாகப் பார்த்து ஒரு சாண் சுவரை வெட்டி, குளியல் துண்டில் சுற்றி, குழந்தையைப்போல் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார் ஷவ்கி. பல வாரங்களுக்குப் பிறகு பகல் வெளிச்சத்தில் தெருவைப் பார்க்க அவருக்குக் கண் கூசியது.

ஆணையத் தலைவர் ரிஃபாத் அல்-தாவூதி பெரிய மேசைக்குப் பின்னால் புகைத்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே, கண்ணாடிகூட இல்லாமல், சாந்தில் வார்த்து இருபுறமும் வண்ணம் பூசிய ஒரு தகடு தொங்கியது. அசல் சாம்பிள் அதுதான். புகை நேராக எழுந்து அதில்தான் போய் முட்டியது. ஷவ்கி ஒரு பார்வை பார்த்தார். ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் சிகரெட், இருபது வருஷப் புகை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

"உக்காருங்க, டாக்டர்" என்றார் தலைவர். "ஜனங்க கேக்கறாங்க. எங்க வீட்டுக்குள்ள நாங்க எந்த நிறம் அடிச்சா உங்களுக்கென்னன்னு. நான் சொல்றேன். இந்த ஆணையத்துல முந்நூத்திப் பத்துப் பேர் வேலை பாக்கறோம். அவங்கவங்க இஷ்டத்துக்கு அடிச்சிக்கிட்டா இந்த முந்நூத்திப் பத்துப் பேரும் என்ன பண்றது? யாராவது யோசிச்சாங்களா? சுயநலம்!"

"உங்க வீட்டிலயும் இதே நிறந்தானா, பாஷா?" என்று, பெரிய அதிகாரிகளை அழைக்கும் வழக்கப்படி, ஷவ்கி மரியாதையாகக் கேட்டார்.

"என் வீட்ல வால்பேப்பர். விதி பெயின்ட்டைப் பத்தித்தான் சொல்லுது, காகிதத்தைப் பத்தி இல்ல. சட்டத்தை மதிக்கணும்னா மொதல்ல சட்டத்தைப் படிக்கணும்." தலைவர் துண்டைப் பிரித்துச் சுவரைப் பார்த்தார், தலைக்கு மேல் இருந்ததைப் பார்த்தார். "சேரலையே. உங்களோடது வெளுத்துப் போயிருக்கு."

ஷவ்கி ஐந்து மாதமாக அடக்கி வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது. "பாஷா, மன்னிக்கணும். என்னோடது வெளுக்கல. உங்க சாம்பிள் பழுத்துப்போச்சு. சிகரெட் புகையில பல்லு இப்படித்தான் ஆகும். வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா மஞ்சளாயிட்டே இருக்கு. அதான் ரெண்டு வருஷம் முன்னாடி பாஸான வீடு ஒரு நிறம், இப்ப கேக்கறது ஒரு நிறம்."

தலைவர் சிகரெட் சாம்பலைக் கிண்ணத்தில் தட்டினார்.

"சாம்பிள் மாறாது" என்றார் தலைவர். "உலகந்தான் வெளுத்துக்கிட்டே போகுது. அதுக்குத்தான் ஒரு ஆணையம் வேணும்ங்கறது."

இருந்தாலும் அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கலாம் என்று பியூனைக் கூப்பிட்டு அதை இறக்கச் சொன்னார். ஓய்வுபெற நாலு மாதமிருந்த அந்தப் பியூன் நாற்காலியில் ஏறி, இருபது வருஷமாக யாரும் தொடாத ஆணியிலிருந்து அதை எடுத்தார். கயிறு இற்றுப்போயிருந்தது. தகடு தலைவரின் சாம்பல் கிண்ணத்தின்மேல் விழுந்து மூன்றாக உடைந்தது.

பியூன் நாற்காலியைவிட்டு இறங்காமலே நின்றார். தலைவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டார்.

"சாம்பிள் இல்லேன்னா ஆணையம் இல்ல" என்று மெல்லிய குரலில் சொன்னார். "முந்நூத்திப் பத்துக் குடும்பம், டாக்டர்." பிறகு ஷவ்கியின் தொழில் நினைவுக்கு வந்தது. "நீங்க நிறம் பார்த்துப் பீங்கான்ல பல்லு செய்யறவர்தானே? இதைச் செஞ்சு குடுக்க முடியுமா? உடையாத மாதிரி? பழுக்காத மாதிரி?"

ஷவ்கி துண்டுகளைப் பொறுக்கிப் பார்த்தார். முன்பக்கம் பழுத்த மஞ்சள். உடைந்த ஓரம் வெறும் சாந்தின் வெள்ளை. புகை படாத பின்பக்கம்தான் அசல் நிறம். லேசான ரோஜாச் சாயலோடு, அவர் சுவரிலும் இல்லாத, ஸஃபினாஸ் சுவரிலும் இல்லாத, குடியிருப்பின் எந்த வீட்டிலும் அவர் பார்த்திராத ஒரு நிறம்.

"எந்த நிறத்துல செய்யணும், பாஷா?"

"சரியான நிறத்துல."

"எது சரின்னு..."

"அது உங்க தொழில். வியாழக்கிழமைக்குள்ள வேணும்."

அன்றும் மறுநாளும் ஷவ்கி ஃபிரிட்ஜுக்கும் அலமாரிக்கும் நடுவே உட்கார்ந்து யோசித்தார். பின்பக்கத்து நிறத்தில் செய்தால் நேர்மை. ஆனால் தன் வீடு உட்பட எல்லா வீடும் தப்பாகிவிடும். மேல்மாடி நிறத்தில் செய்தால் பாஸான வீடுகளில் பாதியாவது பிழைக்கும். ஆனால் தன் வீட்டை மறுபடி அடித்து, மூன்று வாரம் காயவிட்டு, தெர்மாமீட்டரிலிருந்து தொடங்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. எதிரே நஷ்வா தன் நிச்சயதார்த்த உடையை இஸ்திரி போட இடமில்லாமல் சாப்பாட்டு மேசைமேல் ஏறி உட்கார்ந்து, மடியில் வைத்துக் கையால் நீவிக்கொண்டிருந்தாள்.

ஷவ்கி சுவரைப் பார்த்தார். பொடியைக் கலந்தார். அவர் வாழ்நாளில் அத்தனை துல்லியமாக ஒரு நிறத்தைப் பிடித்ததில்லை. பல் சுடும் சின்னச் சூளையிலிருந்து வந்த தகட்டைச் சுவரில் வைத்தபோது, எங்கே சுவர் முடிகிறது, எங்கே தகடு தொடங்குகிறது என்று இன்ஷிராஹ் விரலால் தடவித்தான் கண்டுபிடித்தாள்.

"இதை எதுக்கு நம்ம சுவர் மாதிரியே செஞ்சீங்க?" என்று கேட்டாள்.

"நம்ம சுவர் சரியான நிறம்."

அவள் தகட்டின் ஓரத்தை இன்னொரு முறை தடவினாள். பிறகு நஷ்வாவைக் கூப்பிட்டு, "உங்க அப்பா வேலையை முடிச்சிட்டாரு. வந்து சோபாத் துணியைத் துவை" என்றாள்.

வியாழன் காலை தகட்டை வாங்கிப் போன கல்யூபி மதியம் சான்றிதழோடு ஓடி வந்தார். தலைவரே கையெழுத்துப் போட்டது. "அசலோடு முழுமையாக ஒத்துப்போகிறது, இப்படி ஒரு பொருத்தம் ஆணைய வரலாற்றிலேயே இல்லை" என்று கீழே ஒரு வரி சேர்த்திருந்தார். நாலு கரண்டி சர்க்கரையோடு டீயைக் குடித்துவிட்டு, "நிறைய வேலை கெடக்கு, டாக்டர். கட்டடம் கட்டடமா நோட்டீஸ் குடுக்கணும்" என்று சொல்லிப் படியில் மேலே ஏறினார். கீழே இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை வீடு வீடாக இருந்தது. சோபா சுவரில் சாய்ந்திருந்தது. அலமாரி சுவரோடு ஒட்டி நின்றது. ஹாஜி ஸகரிய்யா நடுக்கூடத்தில் நின்று நாலு பக்கமும் திரும்பிப் பார்த்து, "அடடா, எவ்வளவு பெரிய கூடம்! இதையா எங்களுக்குக் காட்டாம ஒளிச்சு வச்சிருந்தே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வஹீத் நஷ்வாவையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தான். ஷவ்கிக்கு மூச்சு நிம்மதியாக வந்தது.

கைகளை ஏந்தி ஃபாத்திஹா ஓதத் தொடங்கினார்கள். பாதி ஓதுவதற்குள் மேலே இருந்து கரகரவென்று ஒரு சத்தம். கனமான ஏதோ ஒன்று தரையில் இழுபடும் சத்தம். அது நிற்பதற்குள் பக்கத்து வீட்டில் இன்னொன்று. பிறகு கீழே, அதற்கும் கீழே. கட்டடம் முழுக்கக் கட்டில்களும் அலமாரிகளும் இழுபட்டன. ஓதி முடித்து, முகத்தைத் தடவிக்கொண்டு ஹாஜி கூரையைப் பார்த்தார்.

"என்னப்பா இது? எல்லாரும் வீட்டைக் காலி பண்றாங்களா?"

"இல்ல, ஹாஜி" என்றார் ஷவ்கி. "அவங்களால எங்கயும் போக முடியாது."

ஷர்பத் தம்ளர்கள் வலம் வரும்போது கதவு தட்டப்பட்டது. ஸஃபினாஸ் நின்றிருந்தாள். ஆஸ்பத்திரி உடுப்பைக்கூட மாற்றவில்லை. கையில் நோட்டீஸ் இருந்தது.

"மன்னிச்சிக்கோங்க. நல்ல காரியம் நடக்கிற எடத்துல வந்து நிக்கறேன்" என்றாள். "புது சாம்பிள் வந்திருக்காம். பழைய சான்றிதழ் எல்லாம் செல்லாதாம். நாளையிலேர்ந்து ஒம்பது மணிக்கு வீட்டுல இருக்கணுமாம். நான் இருந்தா வார்டுல யாரு இருக்கறது?" நோட்டீஸை மடித்துப் பையில் வைத்தாள். "அது போகட்டும். அலமாரியை ஒத்தையா நகத்த முடியல, டாக்டர். ஒரு கை பிடிச்சீங்கன்னா..."

ஷவ்கி விருந்தாளிகளைப் பார்த்தார். இன்ஷிராஹ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, அவள் பின்னாலேயே படி ஏறினார்.

பழைய காலத்துப் பீச்மர அலமாரி அது. இருவரும் மூச்சுப் பிடித்துத் தள்ளினார்கள். அலமாரி நகர்ந்த இடத்தில் சுவர் வெளிப்பட்டது. தப்பான மஞ்சள், ஒரு மயிரிழை.

"உங்க கண்ணுக்குத் தெரியாததா?" என்றாள் ஸஃபினாஸ். "சொல்லுங்க. என் சுவர் சரியாத்தானே இருக்கு?"

ஷவ்கி சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். ஐந்து மாதமாக அது இல்லாமல் அவர் எங்கேயும் போனதில்லை. ஒரு முனையைச் சுவரில் வைத்து, குனிந்து மறுமுனையை அலமாரிக்கு இழுத்தார்.

"இன்னும் ரெண்டு சென்டிமீட்டர் தள்ளணும்" என்றார்.